மாலை ஏழு மணி லோடு: நேரத்தை மாற்றுவதா, சாதனத்தை மாற்றுவதா, பேட்டரியா, சோலாரா?

"சோலார் போடலாமா, பேட்டரி வாங்கலாமா, இல்லை பழைய ஏசியை மாற்றினாலே போதுமா?" வெயில் ஏற ஏற இந்தக் கேள்வி என்னிடம் அதிகமாக வருகிறது. கேட்பவர்களின் நிலைமை பெரும்பாலும் ஒன்றுதான். மாலையானால் வோல்டேஜ் இறங்குகிறது, ஃபேன் தளர்ந்து சுற்றுகிறது, பில் ஏறுகிறது. கையில் இருக்கும் பணம் இவற்றில் ஏதோ ஒன்றுக்குத்தான் வரும். எதை எடுப்பது?

எதை வாங்குவது என்பதற்கு முன்னால், எந்த மணி நேரத்தைச் சமாளிக்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் வாங்கியவர்கள் பலர் ஒரு வருடம் கழித்து மறுபடியும் இதே கேள்வியோடு வருகிறார்கள்.

## யூனிட் வேறு, வாட் வேறு

1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2000 வாட் கீசர் 20 நிமிடம் ஓடினால் ஏறத்தாழ முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 75 வாட் ஃபேன் ஒன்பது மணி நேரம் சுற்றினாலும் அதே அளவுதான். பில்லுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் மாலை ஏழு மணிக்கு அந்தக் கீசரைப் போடும் வீடு, அந்த 20 நிமிடமும் கிட்டத்தட்ட 27 ஃபேன்களை ஒன்றாகப் போட்ட வீட்டுக்குச் சமம்.

தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு உங்கள் மாத யூனிட் எவ்வளவு என்று தெரியாது. இந்த நொடியில் எத்தனை வாட் இழுக்கிறீர்கள் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கம்பியில் ஓடும் கரண்ட் இரண்டு மடங்கானால், கம்பியில் வோல்டேஜ் இறக்கம் இரண்டு மடங்காகிறது, வெப்பமாக வீணாவது நான்கு மடங்காகிறது. அதனால்தான் எல்லா வீடும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் வோல்டேஜ் சட்டென்று விழுகிறது, ஃபியூஸ் போகிறது. ஸ்டெபிலைசர் இருந்தால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது உங்கள் ஏசியைக் காப்பாற்றும், உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து கூடுதல் ஆம்பியர் இழுத்துத்தான் அது வோல்டேஜை உயர்த்துகிறது. தெருவில் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

ஆகவே பில் குறைவதும், உச்ச நேர லோடு, அதாவது எல்லோரும் ஒன்றாக இழுக்கும் நேரத்து லோடு, குறைவதும் இரண்டு தனி இலக்குகள். சில வழிகள் இரண்டுக்கும் உதவும். சில வழிகள் ஒன்றைக் குறைத்து மற்றொன்றைச் சற்று ஏற்றும்.

## எதை வைத்து எடை போடுவது?

நான் ஐந்து கேள்விகள் கேட்கிறேன். உங்கள் பகுதியில் உச்ச நேரம் எது, பகலா மாலையா? அந்த நேரத்தில் இந்த வழி எத்தனை வாட் குறைக்கும்? விலைப்பட்டியலில் வராத செலவு என்ன? தினமும் யாராவது நினைவு வைத்துச் செய்ய வேண்டுமா? கரண்டே போய்விட்டால் இது உதவுமா? வாடகை வீடு என்றால் ஆறாவதாக ஒன்று: வீடு மாறும்போது கூட எடுத்துப்போக முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு விடை உங்கள் மீட்டரிலேயே இருக்கிறது. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறு விளக்கு துடித்துக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று இருந்தால், பத்துத் துடிப்புக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து 11,250ஐ அந்த விநாடியால் வகுத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடி ஆனால் வீடு அந்தக் கணத்தில் 1125 வாட் இழுக்கிறது. வேறு எண் இருந்தால் 3,60,00,000ஐ அந்த எண்ணால் முதலில் வகுத்து, வரும் விடையை விநாடியால் வகுக்க வேண்டும். இந்தக் கணக்கு வேண்டாம் என்றால் மாலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு வித்தியாசம் பாருங்கள். ஒரு வாரம் செய்தால் போதும்.

ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். மாலையில் இரண்டு ஏசி, தலா 1500 வாட். கீசர் 2000. இண்டக்‌ஷன் அடுப்பு 1800. நான்கு ஃபேன் 300. ஃபிரிட்ஜ் 150, டிவி 100, எல்ஈடி விளக்குகள் 60. எல்லாம் ஒன்றாக ஓடும் கணத்தில் 7.4 கிலோவாட். இந்த வீட்டை வைத்தே ஒவ்வொரு வழியையும் பார்க்கலாம்.

## வழி 1: நேரத்தை மாற்றுவது

எதுவும் வாங்க வேண்டாம். அதனாலேயே இதைப் பலரும் லேசாக நினைக்கிறார்கள். என் கணிப்பில் முதலில் செய்ய வேண்டியது இதுதான், கிடைக்கும் பலனும் இதில்தான் அதிகம்.

கீசரை எடுத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி சூடேற்ற 0.6 யூனிட் போதும். 2 கிலோவாட் கீசருக்கு அது இருபது நிமிடத்துக்கும் குறைவான வேலை. அந்த இருபது நிமிடம் மாலை ஏழு மணிக்குத்தான் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஐந்து மணிக்குச் சூடாக்கினால் டாங்கின் காப்புறை சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மாதிரி வீட்டில் இந்த ஒரு மாற்றம் 7.4ஐ 5.4 ஆக்கிவிடுகிறது. ஆனால் இது டாங்க் உள்ள கீசருக்குத்தான் பொருந்தும். குழாயைத் திறந்ததும் சூடாக்கித் தரும் இன்ஸ்டன்ட் கீசர் 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ இழுக்கும், அதுவும் நீங்கள் குளிக்கும் அந்த நேரத்திலேயே இழுக்கும். அதற்கு மாற்ற வேண்டியது குளிக்கும் நேரத்தைத்தான். புதிதாகக் கீசர் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏசிக்கு முன்குளிர்ச்சி என்று ஒரு வழி உண்டு. உச்ச நேரம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே, திரைச்சீலைகளை இழுத்து மூடி, அறையை நன்றாகக் குளிர வைத்துவிட வேண்டும். உச்ச நேரம் வந்ததும் இரண்டு மூன்று டிகிரி ஏற்றி ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம். சுவரும் தரையும் மெத்தையும் வாங்கி வைத்த குளிர்ச்சி மெல்ல மெல்லத்தான் போகும். உச்ச நேரம் முழுவதும் எல்லோரும் ஒரே அறையில் இருந்தால் இரண்டாவது ஏசி வேண்டியதே இல்லை. 5.4 இப்போது 3.9 ஆகிறது. ஒரு ரூபாய் செலவில்லாமல் ஏறத்தாழ பாதி.

துணி துவைப்பது, இஸ்திரி, தண்ணீர் மோட்டார் இவற்றைச் சொல்லவே தேவையில்லை. சமையலை மட்டும் நகர்த்தச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்துவதில்லை. பசிக்கும் நேரத்தை மீட்டர் தீர்மானிக்கக் கூடாது.

மறைந்த செலவுகள் இதிலும் உண்டு. முன்குளிர்ச்சியில் மொத்த யூனிட் சற்றுக் கூடலாம். மாடி நேரே வெயிலில் காயும் வீட்டில், பகல் முழுக்கக் கான்கிரீட் குடித்த வெப்பம் மாலையில்தான் உள்ளே இறங்கும். அங்கே முன்குளிர்ச்சி நிற்காது, கூரைக்கு நிழலோ வெள்ளைப் பூச்சோ முதலில் வேண்டும். பில்லைக் குறைக்கக் கீசர் வெப்பத்தை மிகவும் இறக்கி வைப்பதும் நல்லதல்ல. வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் வளரும். டாங்கில் 60 டிகிரி வைத்துக்கொண்டு, குளிக்கும்போது பச்சைத் தண்ணீர் கலந்துகொள்வதே பாதுகாப்பு. வாஷிங் மெஷினையும் துணி உலர்த்தியையும் எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஓட விடுவதைத் தீயணைப்புத் துறைகள் பல நாடுகளில் எச்சரிக்கின்றன. அதிகாலையோ முற்பகலோ நல்லது.

இதில் இன்னொரு செலவும் இருக்கிறது, அதை யாரும் எழுதுவதில்லை. நேரம் பார்த்து ஸ்விட்ச் போடும் வேலை வீட்டில் ஒருவர் தலையில் விழுகிறது. பெரும்பாலும் ஏற்கனவே எல்லா வேலையும் செய்கிறவர் தலையில். அதனால் கீசருக்கு ஒரு டைமர் ஸ்விட்ச் வைத்துவிடுங்கள். 16 ஆம்பியர் தாங்கக்கூடியதாகப் பார்த்து, எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்ட வேண்டும். மொபைல் சார்ஜருக்கென்று விற்கும் சிறு டைமரில் கீசரைச் செருகினால் அது உருகும்.

## வழி 2: சாதனத்தை மாற்றுவது

சாதாரண சீலிங் ஃபேன் 70 முதல் 80 வாட். பிஎல்டிசி என்ற சிக்கன வகை மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. நான்கை மாற்றினால் 180 வாட் குறையும். கீசர் கணக்குக்கு முன்னால் இது சிறிதாகத் தெரியும். ஆனால் ஃபேன் இருபது நிமிடச் சாதனம் அல்ல, உச்ச நேரம் முழுவதும் ஓடுவது. வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் குறையாமல் சுற்றுவது இதன் இன்னொரு நன்மை. பேட்டரி வாங்க நினைப்பவர்களுக்கு மூன்றாவது நன்மையும் உண்டு. அது அடுத்த பகுதியில்.

ஏசி விஷயத்தில் எதிர்பார்ப்பைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்து ஓட்டும். மாத யூனிட் நன்றாகக் குறையும். ஆனால் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, கொதிக்கும் அறையில் அதைப் போட்டால் முதல் அரை மணி நேரம் அதுவும் முழு வேகத்தில்தான் ஓடும். உச்ச நேரத்துக்கு அது உதவ வேண்டுமானால் வழி 1இல் சொன்ன முன்குளிர்ச்சி கூடவே வேண்டும். வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது வழக்கமான மதிப்பீடு. பழைய ஏசிக்கும் அது பொருந்தும்.

இங்கே மறைந்த செலவு மனதில் இருக்கிறது. "இது குறைவாகத்தானே இழுக்கிறது" என்று இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட விடுவோம். பழைய ஃபிரிட்ஜைத் தூக்கிப் போடாமல் பின்னறையில் இரண்டாவதாக ஓட்டுவோம். இரண்டும் மிச்சத்தைத் தின்றுவிடும். சாதனம் பழுதாகி எப்படியும் மாற்ற வேண்டிய நேரத்தில் நல்லதாகப் பார்த்து மாற்றுங்கள். நன்றாக ஓடும் ஒன்றை உச்ச நேரத்துக்காக மட்டும் மாற்றுவது, ஃபேன் தவிர மற்றவற்றில், எனக்குச் சரியாகப் படவில்லை.

## வழி 3: இன்வெர்ட்டரும் பேட்டரியும்

மிக அதிகமாக விற்பது இதுதான். மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு காகிதத்தில் 1.8 யூனிட். நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் தொட வேண்டும். ஆக 0.9 யூனிட். மாதிரி வீட்டின் 3.9 கிலோவாட்டை அதன் மேல் ஏற்றினால், இன்வெர்ட்டர் தாங்குவதாக வைத்துக்கொண்டாலும், கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஃபேன், விளக்கு, டிவி மட்டும் என்றால் 460 வாட், சுமார் இரண்டு மணி நேரம். ஃபேன்களை பிஎல்டிசிக்கு மாற்றியிருந்தால் அந்த 460 இப்போது 280. அதே பேட்டரி மூன்று மணி நேரம் தாண்டும். இரண்டாவது பேட்டரி வாங்கும் பணத்தில் ஃபேன்களை மாற்றச் சொல்வது இதனால்தான். (இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பை இதில் கழிக்கவில்லை. நடைமுறையில் சற்றுக் குறையும்.)

இதற்குள் இருக்கும் பெரிய குழப்பம் வேறு. வழக்கமான வீட்டு இன்வெர்ட்டர், கரண்ட் இருக்கும்போது பேட்டரியிலிருந்து எதையும் தராது. அது மின்வெட்டுக்கான காவல், உச்ச நேர லோடைக் குறைக்கும் கருவி அல்ல. சொல்லப்போனால் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஏழு மணிக்குப் போன கரண்ட் எட்டு மணிக்கு வந்ததும் சார்ஜர் உடனே 200 வாட்டுக்கு மேல் இழுக்கத் தொடங்கும். தெருவில் எல்லா வீட்டிலும் ஃபிரிட்ஜ், ஏசி, சார்ஜர் ஒரே நொடியில் எழுந்து நிற்கும். கரண்ட் வந்து இரண்டு நிமிடத்தில் மறுபடி போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வந்ததும் ஏசியைப் போடாமல் பதினைந்து நிமிடம் பொறுத்திருப்பது நமக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது.

தினமும் பகலில் ஏற்றி மாலையில் செலவழிக்க வேண்டுமானால் நேரம் அமைக்கக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் தேவை. லெட்-ஆசிடைத் தினமும் இறக்கி ஏற்றினால் சில வருடங்களில் சோர்ந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை சில ஆயிரம் சுழற்சிகள் தாங்கும். இழப்பும் குறைவு: லெட்-ஆசிடில் நூறு போட்டால் எழுபது எழுபத்தைந்து திரும்பும், லித்தியத்தில் எண்பத்தைந்துக்கு மேல். அந்த இழப்பு உங்கள் பில்லில்தான் ஏறும். ஆகவே உச்ச நேரத்துக்கும் மற்ற நேரத்துக்கும் தனித்தனிக் கட்டணம் இல்லாத இடத்தில், பேட்டரி வழியாக நேரம் மாற்றுவது பணக் கணக்கில் நட்டமே.

லெட்-ஆசிட் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். படுக்கையறையிலோ மூடிய அலமாரியிலோ வைக்கக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்றுவதையும் மறக்கக் கூடாது.

## வழி 4: கூரைச் சோலார்

உச்ச நேரம் பகலில் வரும் இடத்தில், அல்லது பகலில் ஏசி ஓடும் வீட்டில், சோலாருக்கு இணை கிடையாது. வெயில் ஏறும் நேரமும் குளிர்ச்சி தேவைப்படும் நேரமும் ஒன்றாக வருகின்றன. நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளில் சராசரியாக நான்கு யூனிட் அளவில் தரும்.

உச்ச நேரம் மாலை என்றால் கதை வேறு. கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பு நிர்வாகம் 2013இல் ஒரு வரைபடம் வெளியிட்டது. பகலில் சோலார் பெருகியதால் கட்டமைப்பின் மேல் விழும் தேவை பள்ளமாக இறங்கி, சூரியன் சாய்ந்ததும் செங்குத்தாக ஏறுவதை அது காட்டியது. வாத்தின் வயிறும் கழுத்தும் போல் இருந்ததால் வாத்து வளைவு என்றே பெயர் நிலைத்துவிட்டது. உங்கள் வீட்டு மீட்டரும் சோலார் போட்ட பிறகு இதே வாத்தைத்தான் வரையும். மாத பில் குறையும், ஏழு மணி லோடு அப்படியே இருக்கும். பேனல்களில் ஒரு பகுதியை மேற்கு நோக்கி வைத்தால் மாலை ஐந்து, ஆறு வரை சற்று இழுக்கலாம். அதற்கு மேல் பேட்டரிதான்.

வாங்கும்போது பலரும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று: கரண்ட் போனால் இது ஓடுமா? கிரிட்டோடு, அதாவது வெளி மின்லைனோடு, இணைந்த சாதாரண சோலார், வெளியே கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நடுப்பகல் வெயிலில், கூரை முழுக்கப் பேனல் இருந்தும் வீட்டில் ஃபேன் சுற்றாமல் நின்றதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. தூசி துடைப்பது, பக்கத்து மரமோ மாடியோ தரும் நிழல், பேனலுக்கு முன்பே மாற்ற வேண்டி வரும் இன்வெர்ட்டர் ஆகியவை மீதிச் செலவுகள்.

## வழி 5: கட்டுப்பாட்டை மின்நிறுவனத்திடம் கொடுப்பது

எல்லா இடத்திலும் இது இல்லை. இருக்கும் இடத்தில் உங்கள் ஏசியையோ கார் சார்ஜரையோ உச்ச நேரத்தில் நிறுவனமே தொலைவிலிருந்து குறைக்கும், பதிலுக்குச் சலுகை தரும். பிரிட்டனில் 2022 குளிர்காலத்தில் தொடங்கிய ஒரு திட்டத்தில் வீடுகளும் நிறுவனங்களுமாக 16 லட்சத்துக்கு மேல் சேர்ந்தன. அங்கே நுகர்வோர் தாமாகவே குறைத்தார்கள். 2022 செப்டம்பர் 6 அன்று கலிபோர்னியாவில் மாலை அவசரக் குறுஞ்செய்தி போனதும் சில நிமிடங்களில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் தேவை இறங்கியது. கேட்டால் மக்கள் செய்கிறார்கள்.

கேட்காமல் செய்தால் கோபம் வருகிறது. 2021 ஜூனில் டெக்ஸஸில் சிலர் தூங்கி எழுந்து பார்த்தபோது ஏசியின் வெப்பநிலையை அமைக்கும் வீட்டுத் தெர்மோஸ்டாட் தொலைவிலிருந்து ஏற்றப்பட்டிருந்தது. எப்போதோ கையெழுத்திட்ட சலுகைத் திட்டத்தில் அந்த அனுமதி இருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. சேருமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வேண்டாத நாளில் ஒரு பட்டனில் விலக முடியுமா? நான் எப்போது வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிடும் மீட்டர் தகவல் யார் கைக்குப் போகிறது?

மின்சாரக் கார் உள்ளவர்களுக்கு இது மிக நல்ல வழி. ஆனால் எல்லோரும் சரியாக நள்ளிரவு 12க்கு டைமர் வைத்தால் 12 மணிக்குப் புதிய உச்சம் பிறக்கும். பிரிட்டனில் புதிய வீட்டுச் சார்ஜர்கள் பத்து நிமிடம் வரை தாறுமாறான தாமதத்தோடு தொடங்க வேண்டும் என்று 2022 முதல் விதி இருப்பது அதற்காகவே. நீங்கள் டைமர் வைத்தால் 12.17 என்று வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | மாலை உச்சத்தில் குறைவது | முதல் செலவு | தினசரிக் கவனம் | கரண்ட் போனால் | வாடகை வீடு |
|---|---|---|---|---|---|
| நேரம் மாற்றுவது | மிக அதிகம் | இல்லை, டைமர் மட்டும் | தேவை | உதவாது | பொருந்தும் |
| ஃபேன் மாற்றுவது | சிறிது, ஆனால் தொடர்ந்து | குறைவு | இல்லை | பேட்டரி நேரம் கூடும் | எடுத்துப்போகலாம் |
| ஏசி மாற்றுவது | முன்குளிர்ச்சியோடு நல்ல அளவு | அதிகம் | இல்லை | உதவாது | சிரமம் |
| சாதாரண இன்வெர்ட்டர் | இல்லை | நடுத்தரம் | தண்ணீர் பார்க்க வேண்டும் | உதவும் | எடுத்துப்போகலாம் |
| ஹைபிரிட், லித்தியம் | அதிகம் | மிக அதிகம் | இல்லை | உதவும் | சிரமம் |
| சோலார் மட்டும் | மிகக் குறைவு | மிக அதிகம் | துடைக்க வேண்டும் | நின்றுவிடும் | பொருந்தாது |
| நிறுவனக் கட்டுப்பாடு | நல்ல அளவு | இல்லை | இல்லை | உதவாது | பெரும்பாலும் பொருந்தும் |

## யாருக்கு எது?

வாடகை வீட்டில் இருப்பவர்கள் நேரத்தை மாற்றி, ஃபேனை மாற்றி, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வீட்டு உரிமையாளரின் கூரையில் உங்கள் சேமிப்பைப் போட வேண்டாம். சொந்த வீடு, பகலிலும் ஆட்கள் இருப்பார்கள், கூரையில் நிழல் இல்லை என்றால் சோலார் நல்ல முதலீடு. ஆனால் அதை வாங்குவது பில்லுக்காக என்று தெரிந்து வாங்குங்கள். மாலைக்காகவும் வேண்டும் என்றால், பின்னால் பேட்டரி சேர்க்க இடம் தரும் ஹைபிரிட் இன்வெர்ட்டரை முதலிலேயே கேளுங்கள். எல்லோரும் காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் வீட்டுக்குக் கீசர் டைமரும் ஒற்றை ஏசியும் முதல் இரண்டு வேலைகள். அதற்குப் பிறகும் மாலை நான்கு மணி நேரத்தில் அதிக யூனிட் போகிறது, உச்ச நேரக் கட்டணமும் கூடுதல் என்றால் மட்டும் லித்தியம் பற்றி யோசிக்கலாம்.

ஒரு வீட்டுக்கு மட்டும் இந்த வரிசை முழுவதும் மாறும். ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் போன்ற கருவியில் ஒருவர் இருக்கும் வீடு. ஐந்து லிட்டர் கருவி 300 வாட் அளவில் இடைவிடாமல் இழுக்கும். அங்கே பேட்டரிதான் முதல் வாங்கல், மற்ற எல்லாம் அதற்குப் பின். அந்தக் கருவிக்கும் ஒரு விளக்குக்கும் ஒரு ஃபேனுக்கும் மட்டும் இன்வெர்ட்டரில் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். டிவியையும் மற்ற அறைகளையும் அதில் சேர்க்க வேண்டாம். பகலில் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று பக்கத்தில் இருக்கும்போதே சோதித்து, அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.